பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி

பிப்ரவரி 2, திங்கள்

நூல் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாக இதில் சிலிண்டர் வந்த தேதியும் குழாயில் தண்ணீர் விட்ட நாளும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்று வேறு எழுத வேண்டியிருக்கிறது.

மகன் கதிர்வேலிடமிருந்து மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. கல்யாணமாகி ஷில்லாங்கிலேயே தங்கிவிட்ட இந்தப் பதினோரு வருஷத்தில் ஞாயிறு காலை பத்து மணி என்றால் அது அவனுடைய மணி. மகள் சிவகாமியைக் கேட்டால், "மலைக்காடும்மா, டவர் கெடைக்காது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று ஈரோட்டிலிருந்து நேரிலேயே வந்துவிட்டாள். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் எப்போதும் வாங்கும் பழத்தைக்கூட வாங்கவில்லை. வெறுங்கையைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பதினெட்டாந் தேதி காலைல அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துருச்சும்மா. வலது கை வரலை. பேச்சும் வரலை. உசுருக்கு ஒண்ணுமில்லை, வூட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

நான் எழுந்து போய் உப்புமா கிளறினேன். அவள் சாப்பிடாமல் வந்திருந்தாள். நான் அழவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அதைச் சிவகாமி முன்பே கேட்டிருக்கிறாள். அவனுடைய மனைவிக்கு இங்கிலீஷில் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர்கள் மலையில் பேசும் காசி பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. பதில் ஒரே வரி.

"என்னன்னு?"

சிவகாமி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "'அம்மா என்கிட்ட நேரா கேக்கட்டும்'னு போட்டிருக்குது."

இந்த வீட்டில் நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

பிப்ரவரி 4, புதன்

நல்ல தண்ணீர் ஐந்து நாள் கழித்து இன்று வந்தது. ஏழு குடம்.

போகும்போது சிவகாமி, "நீ தமிழ்ல சொல்லும்மா, நானே உன்ர பேர்ல அடிச்சு விட்டர்றேன்" என்றாள். அந்தப் பெண் கேட்டது உன்னை இல்லையே என்றேன். நான் ஐந்தாவதுதான். ஆனால் அந்த ஐந்தாவதில் கையெழுத்துக்கு முதல் பரிசு எனக்குத்தான். என் வயதுக்காரிகள் பாங்கில் கட்டை விரல் வைக்கும்போது ராமாத்தாள் என்று இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவள் நான். என் கையால் எழுதுவேன்.

மாடியில் குடியிருக்கும் சுகந்தி பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறாள். பொழுதெல்லாம் இங்கிலீஷில் கடிதம் அனுப்புவதே அவள் வேலை. சாயந்திரம் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் உச்சுக்கொட்டவில்லை, அதனால் பிடித்தது.

"யாருக்குன்னு மேல எழுதோணுங் ஆத்தா. அதான் மொதல்."

"அவளுக்குத்தான் போகுது. அவளுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சாலும் பேர் போடோணுங். போடாட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டுனது மாதிரி இருக்கும்."

போனைத் திறந்து தான் அனுப்பிய கடிதங்களைக் காட்டினாள். முன்பின் தெரியாத கம்பெனிக்கு 'டியர் சார்' என்று எழுதி மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. பழகிய ஆளுக்கு 'டியர்', பெயர், ஒரு காற்புள்ளி. கூட வேலை செய்கிறவர்களுக்கு 'ஹாய்', அதற்கும் காற்புள்ளி.

"உன்ர வூட்டுக்காரனுக்கு?"

"அவருக்கு ஒண்ணுமே கெடையாதுங். நேரா 'தக்காளி'ன்னு அனுப்புவேன். வாங்கீட்டு வந்துருவாரு."

அந்த இரட்டைப் புள்ளி எனக்குத் தெரிந்ததுதான். முக்காற்புள்ளி. எங்கள் வாத்தியார் பிரம்பை மேஜையில் தட்டி எண்ண வைப்பார்: காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. அத்தனை எண்ணி நின்றுவிட்டுத்தான் மேலே வாசிக்க வேண்டும். சுகந்திக்கு இது தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

பெயரை எழுதிப் பழகினேன். ஃபிடாலியா. பி, ஹெச் இரண்டையும் சேர்த்துப் போட்டு ஃபி என்று வாசிக்க வேண்டுமாம். பதினோரு வருஷத்தில் இந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அந்தப் புள்ளை' என்பேன். கோபமாக இருந்தால் 'மலைக்காரி'.

பெயருக்கு முன்னால் அந்த 'டியர்' வேண்டாம் என்றேன். அன்புள்ள என்று அதற்கு அர்த்தம். இல்லாததை எழுத மாட்டேன்.

"ஆத்தா, அது சும்மா ஒரு மரியாதைக்குங். காசு தராதவனுக்கும் டியர், திட்டறதுக்கும் டியர். எல்லாருக்கும் போடறதுதான்."

"எல்லாருக்கும் போடறத எதுக்கு நான் போடோணும்?"

பெயரை எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். மூன்று எண்ணும் தூரத்தில் நிற்கட்டும். சுகந்தி பார்த்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸ் வந்துருச்சுன்னு பயந்துக்குவாங்க" என்றாள். இருவருமே சிரித்தோம். பிறகு எனக்கு ஏனோ சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் அடித்தது. சிலிண்டர்காரன்.

பிப்ரவரி 9, திங்கள்

அரிசி புடைத்தேன். மாவு அரைக்கவில்லை.

அவர்கள் இங்கே வந்தது ஒரே ஒரு தடவைதான். ரிஜிஸ்தர் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் இருந்தார்கள். நான் குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆரத்தி எடுத்தேன், புதுப் புடவை கொடுத்தேன், மூன்று வேளையும் இலை போட்டேன். இரண்டாம் நாள் அவனுக்கு லேசாகக் காய்ச்சல். அரிசிம்பருப்புச் சாதம் கேட்டான். சின்னதிலிருந்து உடம்பு சரியில்லாவிட்டால் அவனுக்கு அதுதான். நான் அடுப்பில் இருந்தபோது அந்தப் பெண் சமையலறைப் பக்கம் வந்து நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். தாளிக்கிற புகை கூடத்துக்குப் போனால் அவனுக்கு இருமல் வரும் என்றுதான்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. அவன் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டான். பேத்தி எவா அவளுடைய அம்மாவின் குலப்பெயரைப் போட்டுக்கொள்கிறாள், அங்கே அப்படித்தானாம். எங்கள் கூட்டத்துப் பெயர் அவனோடு நின்றுவிட்டது. இதை நான் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிப்ரவரி 11, புதன்

பீரோவில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதில் பதினோரு கவர்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தப் பெண் அனுப்பும் வாழ்த்து. பிரித்துப் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். முன்பெல்லாம் உள்ளே கையால் நிறைய எழுதியிருக்கும். "கார்டு வந்துச்சாம்மா?" என்று கதிர்வேல் கேட்பான். வந்தது என்பேன். வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதென்றால் என் வீட்டு விஷயம் தெருவுக்குப் போய்விடும். பதில் மட்டும் தவறாமல் போடுவேன். சிரஞ்சீவி கதிர்வேலுக்கு என்று தொடங்கி, கடைசியில் 'அங்குள்ள மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று முடிப்பேன். மருமகளுக்கு மாமியார் நேராகக் கடிதம் எழுதுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் இருந்த ஏழு மாதமும் என் மாமியார் என் அப்பாவுக்குத்தான் எழுதினார். 'தங்கள் மகள் சுகமா' என்று இருக்கும். அந்தக் கடிதங்களை அப்பா வாசிக்கும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன்.

இன்று டின்னை எடுத்துச் சுகந்தியிடம் கொடுத்தேன். மேலே எப்படிப் போட்டிருக்கிறாள், அதை மட்டும் பார்த்துச் சொல் என்றேன். எனக்கும் ஒரு மாதிரி வேண்டும் அல்லவா.

முதல் வருஷம் 'டியர் அம்மா', காற்புள்ளி, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. ஐந்து வருஷம் அப்படியே. ஆறாவதில் பூ இல்லை. எட்டாவதில் 'டியர் ஆல்' என்று இருந்ததாம். எல்லோருக்கும் என்று அர்த்தம். அதாவது நானும் மற்றவர்களில் ஒருத்தியாகிவிட்டேன். போன வருஷமும் இந்த வருஷமும் மேலே ஒன்றுமே இல்லை. அச்சடித்த வாழ்த்தும் கீழே கையெழுத்தும்தான்.

"உள்ள எழுதியிருக்கறதையும் படிக்கட்டுங்களா ஆத்தா?"

நான் கார்டுகளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் படித்தாள்.

இரண்டாம் வருஷத்துக் கார்டு: எங்கள் வழக்கத்தில் கடைசி மகள் வீட்டை விட்டுப் போக முடியாது. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். குலத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், யாருக்குப் போக்கிடம் இல்லாவிட்டாலும் அவர்கள் வந்து சேரும் வீடு இது. நான் கடைசி மகள். அதனால்தான் அவரை இங்கே அழைத்தேன். உங்கள் மகனை உங்களிடமிருந்து பறித்தேன் என்று நினைக்க வேண்டாம்.

நான்காம் வருஷத்துக் கார்டு: அவருக்குக் காய்ச்சல் வந்தால் அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் சாதம் கேட்கிறார். அவருக்குச் செய்யத் தெரியவில்லை, சொல்லவும் தெரியவில்லை. உங்களைப் போனில் கேட்கிறேன் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். அதை அவர் கேட்டுத் தர வேண்டாம், நானே உங்களிடம் கேட்க வேண்டும். தயவுசெய்து எனக்கு எழுதுவீர்களா?

சுகந்தி கார்டை மடித்து வைத்துவிட்டுக் குனிந்தபடி இருந்தாள்.

"எந்த வருசம் அது?" என்றேன்.

"ஏழு வருசமாச்சுங் ஆத்தா."

பிப்ரவரி 12, வியாழன்

கேஸ் அடுப்பில் புகை ஏது.

பிப்ரவரி 14, சனி

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது. சுகந்தி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன். என்ன சொல்ல வேண்டும் என்பது என்னுடையது. உடம்பைப் பற்றி நாலு வரி, ஆஸ்பத்திரியைப் பற்றி நாலு வரி, வருத்தம் தெரிவித்து நாலு வரி என்று அவள் சொன்னதை எல்லாம் அடித்துவிட்டேன்.

"அப்ப என்னங் எழுதறது?"

"அவ கேட்டதுக்குப் பதில். ஏழு வருசமாக் காத்திருக்குது. அது போனப்பறந்தான் நான் கேக்கறது."

ஒரு ஆழாக்கு அரிசி என்று தொடங்கினேன். சுகந்தி, "அங்க ஆழாக்குக்கு எங்கீங் போவாங்க, டம்ளர்னு போடுங்" என்றாள். சரி, டம்ளர். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு ஆறு பல், சீரகம், மிளகு, மஞ்சள்தூள், ஒரு தக்காளி. மிளகாய் இப்போது வேண்டாம். விழுங்கச் சிரமப்படுவான், அதனால் தண்ணீர் இரண்டு மடங்கு. குக்கரில் நான்கு விசில். இறக்கி மத்தால் கடைந்து ஒரு கரண்டி நெய். ஆறின பிறகு கொடுக்க வேண்டும். சூடாகக் கொடுத்தால் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வான், சின்னதிலிருந்தே அப்படி.

கடைசியில் இரண்டு வரி.

அன்று கதவைச் சாத்தியது புகைக்காக இல்லை.

நான் என் மகனைப் பார்க்க வரலாமா?

மேலே பெயர். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுகந்தி அவசரப்படுத்தவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓரத்திலிருந்து மூன்று விரற்கடை இடம் விட்டு எழுதினேன். ஃபிடாலியா. ஒரு காற்புள்ளி.

"முன்னால எதுக்குங் அத்தன எடம்?"

"இருக்கட்டும்" என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தபாலில் போட்டால் எட்டு நாள் ஆகுமாம். சுகந்தி கடிதத்தைப் போட்டோ எடுத்து என் போனிலிருந்தே அனுப்பினாள். அனுப்பும்போது மணி பத்து. நான் பார்த்துத்தான் சொன்னேன், இப்போது அனுப்பு என்று.

இரண்டு கோடு விழுந்தது. சாயந்திரம் நீலமானது. படித்துவிட்டாள் என்று அர்த்தமாம்.

பிப்ரவரி 16, திங்கள்

முருங்கைக்காய் இறக்கினேன். எதிர் வீட்டுக்குப் பத்து கொடுத்தேன். போன் வரவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

சிவகாமி கூப்பிட்டாள். "என்னம்மா எழுதின? அவங்க எனக்கும் ஒண்ணும் பதில் போடலை." சமையல் குறிப்பு எழுதினேன் என்றேன்.

"ஏம்மா, அண்ணன் படுத்த படுக்கையா இருக்கறான். அங்க போயிச் சமையல் குறிப்பா? மன்னிப்புக் கேட்டு ரெண்டு வார்த்தை எழுதக்கூடாதா?"

"எழுதியிருக்கறன்."

"எங்க?"

நான் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

தண்ணீர் வரவில்லை. நினைத்துப் பார்த்தால் அந்தப் பெண் ஏழு வருஷம் பதிலுக்குக் காத்திருந்தது. நான் மூன்று நாளில் தவிக்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மத்தியானம் துணி காய வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வைத்திருந்த போன் கிணுக்கென்றது. சுகந்தி கம்பெனியில் இருந்தாள். எனக்கு வாசிக்கத் தெரிந்தது முதல் சொல் மட்டும். இங்கிலீஷில் நான்கு எழுத்து. அம்மா. அதற்குப் பின் ஒரு காற்புள்ளி. முன்னால் டியர் இல்லை. பூ இல்லை.

பிரம்புச் சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருந்தது. ஒன்று என்று எண்ணினேன். அதற்கு மேல் வாசிக்கத் தெரியாததால், சுகந்தி வரும்வரை, மத்தியானம் இரண்டிலிருந்து சாயந்திரம் ஆறேகால் வரை, அந்த ஒரு காற்புள்ளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சுகந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாங்கிப் படித்தாள். முதலில் தனக்குள், பிறகு சத்தமாக.

"'அம்மா, மூணு நாளாச் செஞ்சு பாக்கறேன். நாலு விசில் பத்தலை. ஆறு வெச்சேன், எட்டு வெச்சேன். பருப்பு இன்னும் நறநறங்குது. இது மலை, இங்க எதுவும் வேகறதுக்கு நேரமாகும். நேத்து அவர் நாலு ஸ்பூன் சாப்பிட்டார். அஞ்சாவதுக்கு மூஞ்சியச் சுளிச்சார். உங்க கை இல்லைன்னு அவருக்குத் தெரியுது. வந்து பாருங்க.'"

"இன்னொருக்கப் படி."

படித்தாள்.

"மூஞ்சியச் சுளிச்சான்னா போட்டிருக்குது?"

"ஆமாங் ஆத்தா."

பேச்சு வராத பிள்ளை மூஞ்சியைச் சுளித்திருக்கிறான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சுகந்தி பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இன்றுதான் அழுதேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மலையில் எத்தனை விசில் என்று எனக்கும் தெரியாது. நான் மலையில் சமைத்ததில்லை. பருப்பை முன்பே ஊற வைக்க வேண்டுமோ என்னவோ. போய்த்தான் பார்க்க வேண்டும், அவளும் நானுமாக.

பிப்ரவரி 20, வெள்ளி

சிவகாமியும் கூட வருகிறாள். வரும் வியாழன் கோயம்புத்தூரிலிருந்து கௌகாத்திக்கு விமானம், அங்கிருந்து மலைக்குக் கார். இரண்டு படி துவரம்பருப்பு வெயிலில் வைத்து எடுத்தேன். சின்ன வெங்காயம் உரிக்காமல் ஒரு பை. மத்து ஒன்று. எவாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை, கேட்க வேண்டும். நானே கேட்கிறேன்.

வருகிற நாளையும் நேரத்தையும் சொல்லச் சுகந்தி மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தாள். பெயரைப் போட்டு, காற்புள்ளி வைத்து, நாளைப் போட்டு, அனுப்பப் போனாள். கொடு என்று போனை வாங்கினேன். துடிக்கிற கோட்டைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் விடச் சொன்னேன். அவள் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்கே எழுத்து. அந்த முதல் எழுத்து 'டி' எங்கே இருக்கிறது என்று தேடத்தான் நேரமானது.